திறந்த மூலமும் நான் இல்லாத ஒரு மத்தியானமும்

தமிழ்மேல் எனக்கு இருக்கும் பற்று என்னை முதன்முதலாகக் கவிழ்த்தது ஒரு நோட்டீஸில்.

இருபத்திரண்டு வருஷம் மெஷின் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். கிளையை மூடினார்கள். கையில் ஒரு மல்டிமீட்டரும் தலையில் பாதி நரையுமாகப் பெரம்பலூருக்குத் திரும்பி, வீட்டின் முன்னறையில் சொந்தத் தொழில் தொடங்கினேன். தொழில் இதுதான்: கம்ப்யூட்டர் ஓட்டுகிற பழைய கடைசல் மெஷின், இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின்களின் கண்ட்ரோலர், அதாவது மூளை, செத்துப்போனால் கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். அந்த மூளையை எடுத்துவிட்டு, சாதாரண கம்ப்யூட்டர் ஒன்றில் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை ஏற்றி நான் மெஷினை ஓடவைப்பேன். யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம், பூட்டு கிடையாது.

இதை அப்படியே நோட்டீஸில் போட்டிருக்கலாம். ஆனால் மூன்று அலமாரி புத்தகம் வைத்திருப்பவன் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று அச்சடிப்பானா? அகராதியைப் புரட்டினேன். பாலக்கரை பக்கத்து அச்சகத்தில் கொட்டை எழுத்தில் அடிக்கச் சொன்னேன்: ‘திறந்த மூலக் கட்டுப்பாடு. எத்தனை ஆண்டு பழசானாலும் கவலை வேண்டாம். நேரில் வந்து பார்க்கப்படும்.’

அச்சகக்காரர் ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொழிலுக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊர் மின்கம்பங்களும் பஸ் ஸ்டாண்டு சுவர்களும் ‘மூலம்’ என்ற சொல்லை எந்த வியாதிக்கு எழுதிவைத்திருக்கின்றன என்பது அகராதியில் இல்லை. முதல் வாரம் மூன்று போன் வந்தது. முதல் ஆள் தயங்கித் தயங்கிப் பேசினார். எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். எந்தக் கம்பெனி என்றேன். குரலை இன்னும் தாழ்த்தினார். கடைசியில், “ஆபரேசன் இல்லாம முடிஞ்சுடுங்களா?” என்று கேட்டார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. உள்ளே இருப்பதை முழுசாக எடுத்துவிட்டு வேறு மாட்டிவிடுவேன் என்று தைரியம் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறாள். நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு, மிச்சக் கட்டை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதாம், பிள்ளைகள் கணக்குப் போட ஆகுமாம். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் ஒரு வாரத்துக்கு வலித்தது.

நாலாவது போன் அரியலூரிலிருந்து. ஒரு அம்மாளின் குரல். “நீங்க வைத்தியரா, மெஷின்காரரா? முதல்ல அதச் சொல்லுங்க.”

மெஷின்காரன் என்றேன்.

“அப்ப வாங்க. நோட்டீஸ மாத்துங்க.”

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகிற ரோட்டில் அவர்கள் பட்டறை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி ரோட்டோரத்துக் கருவேலங்கூட முகப்பவுடர் பூசிக்கொண்டு நிற்கிற இடம். தகரக் கொட்டகைக்குள் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நடுவில் பச்சை பெயிண்ட் அடித்த பெரிய மில்லிங் மெஷின். மக்காச்சோளம் அடிக்கிற மெஷின்களுக்கான பாகங்கள், பேரிங் உட்காரும் கூடுகள், பல்சக்கரங்கள் எல்லாம் அங்கே செய்தார்கள். அந்தம்மாளுக்கு அறுபது நெருங்கியிருக்கும். நான் அக்கா என்றேன். அவர் தம்பி என்றார். அவருடைய கணவர் பச்சை மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடிமேல் கிடந்தது. இடது கை அதன்மேல் இருந்தது.

அக்காவே சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல்விளக்கிக்கொண்டிருந்த மனுஷன் பிரஷ்ஷைக் கீழே போட்டார். குனிந்து எடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி, மாத்திரை, எண்ணெய் தேய்ப்பது எல்லாம் முடிந்து, கால் பாதி திரும்பியது. பேச்சு கால்வாசி. வலது கை வரவில்லை. லேத்துக்கு இரண்டு கையும் வேண்டும். பச்சை மெஷினுக்கு அப்படியில்லை. யாராவது இரும்பைத் தூக்கிவைத்தால் போதும், பட்டனைத் தட்டினால் அது வெட்டிக்கொள்ளும். இடது கையால் அதை ஓட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு அதன் மூளை செத்தது. கம்பெனியிலிருந்து வந்த ஆள், இந்த மாடலுக்கு போர்டு வருவதில்லை, சப்போர்ட் நிறுத்தியாச்சு என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த வாக்கியத்தை நான் எத்தனை கொட்டகைகளில் சொல்லியிருக்கிறேன்! எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சொல்லிவிட்டு வெளியே வந்து டீ குடிப்பேன். அதற்கப்புறம் அந்தக் கொட்டகையில் யார் சேரில் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

“பழைய இரும்புக் கடைக்காரர் இத எடைக்கு எடுத்துக்க ஆவணி பொறந்ததும் லாரி கொண்டாரேன்னிருக்காரு” என்றார் அக்கா. “லேத்துக்கு ரெண்டு ஆளு இருக்காங்க, பட்டறை ஓடிக்கும். இந்த மெஷினு போயிடுச்சுன்னா இவரு வூட்டுல போயி ஒக்காந்துடுவாரு. ஒக்காந்தா எந்திரிக்க மாட்டாரு. எனக்குத் தெரியும்.”

அவர் அதைக் கேட்டுக்கொண்டே மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசத் தொடங்கினேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது. மென்பொருள் சுதந்திரம் பற்றிப் பேசினேன். அறிவு பொதுச் சொத்து என்றேன். உலகெங்கும் முகம் தெரியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதைச் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. அக்கா அத்தனையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இத எழுதுனவங்களுக்கு யாரு சம்பளம் தர்றது?”

“நிறைய பேருக்குச் சம்பளமே கிடையாதுக்கா.”

அக்கா கணவர் பக்கம் திரும்பினார். “வேலைவெட்டி இல்லாதவங்க எழுதுனதாம்.”

கணவரின் வாயில் ஒரு பக்கம் மட்டும் லேசாக மேலே போனது. அது சிரிப்பு என்று எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆனது.

ரிப்பேரானால் யாரோடு சண்டை போடுவது என்பது அடுத்த கேள்வி. கம்பெனி கிடையாது, என்னோடுதான் என்றேன். நீங்கள் இல்லையென்றால்? நான் எங்கே போகப் போகிறேன் என்றேன். அக்கா கணவரைக் கைகாட்டினார். இவரும் எங்கேயும் போகவில்லை, பல்தான் விளக்கிக்கொண்டிருந்தார் என்றார். சத்தமே இல்லாமல்தான் சொன்னார்.

பழைய கண்ட்ரோலரிலும் இதேதான் நடந்ததாம். உள்ளே போக ஒரு பாஸ்வேர்டு உண்டு. அது ஒரே ஒரு இன்ஜினியருக்குத் தெரியும். அவர் வேலையை விட்டுப்போனார், பாஸ்வேர்டும் கூடவே போய்விட்டது. பட்டறையின் அளவுக் கணக்கெல்லாம் கணவரின் தலைக்குள் இருந்தது. பேச்சு போனபோது அதில் பாதி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது. ஒரே ஆளை நம்புவதென்றால் என்ன என்று அக்கா இரண்டு தரம் பார்த்திருந்தார். அவரிடம் போய் என்னை நம்புங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அது ஆடி மாசம். ஆடியில் புதுசாக எதுவும் வாங்க மாட்டோம் என்றார். வாங்க வேண்டாம், மாட்டிப் பார்ப்போம், பிடிக்கவில்லையென்றால் கழற்றிக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். ஆடித் தள்ளுபடி என்று ஊரே கூவுகிற மாசத்தில் ஆடிச் சோதனைக்கு ஆள் பிடித்தவன் நான் ஒருத்தன்தான்.

பத்து நாள் வேலை. பழைய மோட்டார்களை அப்படியே வைத்துக்கொண்டு, மூளையை மட்டும் எடுத்துவிட்டு, ஆபீஸில் ஒதுக்கிப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றையும், ஒரு தொடுதிரையையும், மோட்டார்களோடு அதைப் பேசவைக்கிற ஒரு கார்டையும் பொருத்தினேன். கணவர் சேரை நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒயரை நான் தப்பாகப் பிடித்தால் “ம்” என்பார். சரியாகப் பிடித்தாலும் “ம்”தான். ஆனால் இரண்டும் வேறு வேறு.

திரையில் வரும் சொற்களையெல்லாம் தமிழாக்கினேன். பட்ட பிறகும் புத்தி வரவில்லை. மெஷினை ஒவ்வொரு நாளும் ஓட்டத் தொடங்கும் முன் அதன் ஆரம்ப மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த பட்டனுக்கு இங்கிலீஷில் ‘ஹோம்’ என்று பெயர். நான் ‘இல்லம் திரும்பு’ என்று போட்டேன். எனக்கு அதில் கொஞ்சம் கவிதை தெரிந்தது.

ஓட்டிப் பார்த்த முதல் நாள் அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தோம். படித்தார். இடது கை பட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது. அக்கா வந்து குனிந்து பார்த்தார்.

“வூட்டுக்குப் போங்குதா இது? ஊரே அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. மெஷினும் சொல்லணுமா? அதுவும் ‘போ’ன்னா சொல்லும் அவர?”

நான் சொல் இருந்த கோப்பைத் திறந்தேன். அழித்தேன். ‘ஆரம்பத்துக்கு வாங்க’ என்று அடித்தேன். கம்ப்யூட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டேன். திரையில் புது வார்த்தை வந்து நின்றது.

“அவ்வளவுதானா?” என்றார் அக்கா.

“அவ்வளவுதான்க்கா.”

“கம்பெனியில கேக்க வேணாமா?”

“கம்பெனியே இல்லியேக்கா.”

நான் முதலில் வந்த அன்று பயமாகப் பட்ட அதே பதில் அன்று அவருக்கு வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். அது எந்தக் கோப்பு, எந்த இடத்தில் இருக்கிறது என்று விசாரித்து, காலண்டர் தாளின் பின்னால் எழுதிவாங்கிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டவும் சொன்னார்.

மெஷின் ஓடியது. அவர் இடது கையால் பட்டன் தட்ட, ஒரு பேரிங் கூட்டைச் சுத்தமாக வெட்டித் தந்தது. நான் நிமிர்ந்து நின்றேன். ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன். ஆவணிக்கு ஒரு வாரம் இருந்தது. அக்கா இன்னும் இரும்புக் கடைக்காரரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை போன் செய்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். போனேன். அங்கே முப்பது வயதிருக்கும் ஒரு பெண் கைப்பையோடு நின்றிருந்தாள். அக்காவின் மூத்த சகோதரி மகள், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறாள். இந்த மாதிரி மெஷினை அதற்கு முன் தொட்டதில்லை. அக்கா வேப்பமரத்தடியில் ஒரு சேரைப் போட்டு என்னை உட்காரவைத்து, என் போனை வாங்கி ஆஃப் செய்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

“தம்பி, இன்னைக்கு மத்தியானம் நீங்க செத்துப் போயிடுங்க.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“மெயின் ஸ்விட்ச அணைச்சுட்டு உள்ளார ஒரு ஒயர கழட்டி வுட்டுருக்கேன். எது என்னான்னு எனக்கே தெரியாது, சின்னதா இருந்துச்சு. இவரும் இந்தப் பொண்ணும் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சாங்கன்னா மெஷினு இருக்கட்டும். முடியலன்னா நீங்க கழட்டிக்கிட்டுப் போயிடுங்க. நீங்க எந்திரிச்சு வந்தாலும் தோத்த கணக்குதான்.”

அன்று மத்தியானம் இரண்டு மணி வாக்கில் நான் காலமானேன். வேப்பமரத்தில் ஒரு காக்கா இருந்தது. அது என்னை அப்படியும் இப்படியும் பார்த்ததில் ஒரு அவசரம் தெரிந்தது.

உள்ளே மெஷினைப் போடும் சத்தம். பிறகு ‘டொக்’ என்று நிற்கும் சத்தம். திரும்பவும் போட்டார்கள், திரும்பவும் நின்றது. அந்தப் பெண் திரையில் வந்ததை உரக்கப் படித்தாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆரம்ப மூலையைக் காட்டிக்கொடுக்கிற சுவிட்ச்சின் ஒயர். இடது பக்கப் பெட்டி, மேலிருந்து நாலாவது ஸ்குரு. அவர்கள் வலது பக்கப் பெட்டியைத் திறந்தார்கள். மூடி கழல்கிற சத்தத்திலேயே எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். செத்தவர்களுக்குச் சொர்க்கமும் நரகமும் உண்டோ இல்லையோ, தான் அறிந்த பெட்டியை விட்டுவிட்டு மற்றவர்கள் வேறு பெட்டியைத் தேடுவதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் தனியாக ஒரு நரகம் தேவையில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குள் ஒரு மூலையில், அவர்கள் தோற்றுப்போய் என்னைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு ஆள் காத்துக்கொண்டிருந்தான். யாரும் திறக்கலாம், யாரும் திருத்தலாம் என்று ஊரெல்லாம் பேசுகிறவனுக்குள் உட்கார்ந்துகொண்டு, என்னை விட்டால் யாருக்குத் தெரியும் என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். கம்பெனிச் சட்டையைக் கழற்றின பிறகும் அவன் போகவில்லை.

ஒரு மணி நேரம் போனது. அந்தப் பெண் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். உதட்டைப் பிரித்தாள். அக்கா குறுக்கே வந்து, செத்தவர்களிடம் கேட்கக் கூடாது என்று உள்ளே அனுப்பினார். பிறகு எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து தரையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. டம்ளரை வைத்ததும் உள்ளே என்ன சத்தம் வருகிறதென்று காதைத் தீட்டினார். ஆவணிக்கு அப்புறம் வருகிற நாட்களை அந்த அம்மாள் ஒரு சின்ன ஒயரில் கட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அதுவரை இது எனக்கு வைத்த பரீட்சை என்றுதான் நினைத்திருந்தேன்.

மோர் டம்ளரில் ஒரு வேப்பிலை விழுந்து மிதந்தது.

அப்புறம் அந்தக் குரல் வந்தது. “எய்யுதா?”

யார் என்று முதலில் புரியவில்லை. பத்து நாளில் நான் கேட்டதெல்லாம் ‘ம்’ மட்டும்தான்.

“எரியல சித்தப்பா.”

ஏதோ ஒன்றைத் தட்டும் சத்தம். “இப்ப... எய்யுதா?”

“இது எரியுது.”

அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கியது. மெஷினில் உள்ள ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் திரையில் ஒரு சின்னப் புள்ளி உண்டு. சுவிட்ச்சை அழுத்தினால் புள்ளி பச்சையாக எரியும். என் பழைய கம்பெனியில் அந்தப் பக்கத்தை சர்வீஸ் ஆட்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவைத்திருந்தோம். இங்கே மறைக்க எதுவுமில்லை என்பதால் திறந்தே கிடந்தது. மாட்டும்போது ஒரே ஒரு தடவை அவர் பார்க்கத் திறந்திருப்பேன், சொல்லிக்கொடுக்கக்கூட இல்லை. அவர் ஒரு குச்சியை இடது கையில் பிடித்துக்கொண்டு, மெஷினைச் சுற்றி இழுத்து இழுத்து நடந்து, ஒவ்வொரு சுவிட்ச்சாக அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப?”

“எரியுது.”

“இப்ப?”

“எரியல. சித்தப்பா, இது எரியல. இன்னொரு தடவ அழுத்துங்க. எரியல.”

சேரின் கைப்பிடியை நான் பிடித்த பிடியில் பிளாஸ்டிக் முனகியது. இடது பக்கப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ரோட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி போய், அதன் தூசி இறங்கி, இன்னொரு லாரியும் போனது. பிறகு மெஷினைப் போட்டார்கள். மெஷின் மேஜை நகரும் அந்த நீண்ட, மெல்லிய சத்தம். மூலைக்குப் போய் ‘டிக்’ என்று நின்றது. அடுத்த திசைக்கான அச்சு. ‘டிக்.’ மூன்றாவதும் போய் நின்றது.

அக்கா வெளியே வந்து என் முன்னால் நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆனது. போனைத் தந்தார். “எந்திரிங்க தம்பி.” கிணற்றடிப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, தன் போனை எடுத்து இரும்புக் கடைக்காரரிடம் லாரி வேண்டாம் என்றார். காரணம் கேட்டிருப்பார் போல. “ஆளு வேலை செய்யிறாரு” என்றார். மெஷின் என்று சொல்லவில்லை.

அக்காவுக்குப் பின்னாலேயே நானும் உள்ளே போனேன். கணவர் வியர்த்து வழிந்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தார். அவர் சொல் சொல்லாகத் தேடி எடுத்துக் கோர்க்கும்வரை நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

“ஒயரு... கழண்டு கெடந்துச்சு தம்பி.” மூச்சு வாங்கி, அக்கா பக்கம் கண்ணைக் காட்டினார். “இவதான்... கழட்டிருக்கா.”

அவர் வாயில் ஒரு பக்கம் நன்றாக மேலே போனது.

ஆவணி முதல் வாரத்தில் அவர்கள் அதை முறைப்படி வாங்கினார்கள். அக்கா தேங்காய் உடைத்தார். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு போன் கூட வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். தினமும் போனைப் பார்ப்பேன். அந்தப் பட்டறையைக் கேள்விப்பட்டு ஜெயங்கொண்டம் பக்கமிருந்து இரண்டு பேர் கூப்பிட்டார்கள், வரதராஜன்பேட்டையிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டார். மூன்று பேருமே, நீங்கள் இல்லாவிட்டாலும் ஓடுமாமே என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். இதைவிடச் சிறந்த நற்சான்று எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போதுகூட போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மனைவி கண்டுபிடித்துவிட்டாள். நல்லாயிருக்கிற வீட்டுக்கு டாக்டர் ஏன் போவார் என்றாள். நான் டாக்டர் இல்லையே என்றேன். அப்படியென்றால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள்.

ஏதாவது சாக்கு வேண்டுமே என்று கம்ப்யூட்டர் ஃபேனுக்குத் தூசி வடிகட்டுகிற ஒரு ஃபில்டரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டோரத்துச் செடிகள் எல்லாம் கழுவிவிட்டதுபோல் பச்சையாக இருந்தன. அக்கா வெளியே யாரிடமோ சோளமெஷின்காரரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தவர், கையைக் காட்டி என்னை உள்ளே போகச் சொன்னார்.

கணவர் மெஷினுக்கு முன்னால் நின்றிருந்தார். திரையைப் பார்த்ததும் எனக்கு ஏதோ தப்பாகப் பட்டது. நான் வலது ஓரத்தில் அடுக்கிவைத்திருந்த பட்டன்கள் அங்கே இல்லை. எல்லாம் இடது பக்கத்துக்குப் போயிருந்தன. அடிக்கடி தட்டுகிறவை பெரிதாக, இடது கைக் கட்டைவிரலுக்கு எட்டுகிற உயரத்தில். கீபோர்டுக்கு இடப்பக்கமாக ஒரு மரப்பலகை அடித்திருந்தார்கள். பத்து நாள் அவர் பக்கத்திலேயே இருந்து வேலை பார்த்த எனக்கு இது ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. அவரும் பாலிடெக்னிக் பெண்ணும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றினார்களாம், பிறகு அக்கா சொன்னார். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் வந்ததை அவர் கவனித்துவிட்டார். திரும்பவில்லை. இடது கையை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

“இருங்க... தம்பி. வெட்டு... ஓடுது.”

ஃபில்டர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரும்புச் சுருள்கள் மினுமினுத்துக்கொண்டு விழுந்தன. வெட்டு முடிய இன்னும் நேரம் இருந்தது.